ரோஜாப் புத்தகமும் நாரத்தை நாற்றும்

அருமனை,
1935 ஜனவரி, மூன்றாம் வாரம்.

கண்டி மலையில் குளிரில் நிற்கும் என் பிரியமுள்ள அத்தானுக்கு ஜெபகுமாரி எழுதுவது. நானும் மாமியும் சுகம். அங்கே காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. கொய்னா மருந்தைக் கசப்பென்று துப்பாமல் குடியுங்கள்.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா ஓடாது. தோட்டக்கலைப் பரீட்சையில் நான் தேறிவிட்டேன். போன ஒரே பெண் நான்தான். முதலாவதாக வந்ததும் நான்தான். சர்டிபிகேட்டை மாமி வேதப்புத்தகத்துக்குள் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள். தலைகீழாகப் பிடித்துத்தான் காட்டுகிறார்கள். நான் திருத்தவில்லை.

இது கையில் இருந்தால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தோட்ட டீச்சர் வேலை தருவதாக மிஷன் பங்களாவிலுள்ள வெள்ளைக்கார மிஸியம்மா சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியும். சொன்ன சொல் மாறவில்லை. ஈஸ்டர் கழிந்து சேர வேண்டும். பள்ளிக்கூட வளவிலேயே வீடும் உண்டு.

இனி புத்தகக் கதை. எந்த இரண்டு புத்தகம் படித்தோம் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும், கேள்வி அவற்றிலிருந்துதான் வரும் என்பது விதி. தேர்வு அதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. எனக்குக் கிடைத்தவை மூன்று. ஒன்று, சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகம். லேசாக வாசிக்கலாம்; ஆனால் அதில் உள்ளதெல்லாம் வாய்க்கால் பாயும் வண்டல் பூமி. நம் செம்மண் மேட்டுக்கும் அதற்கும் முகப்பழக்கம்கூட இல்லை. எல்லோரும் அதைத்தான் எழுதச் சொன்னார்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்து சோசம்மா டீச்சரின் மலையாளப் புத்தகம். அவர்கள் நெய்யாற்றின்கரைப் பக்கம். நல்லமிளகு, பலா, கமுகு என்று நம் அடுக்களை வாசலில் நின்று பார்ப்பதெல்லாம் அதில் இருந்தது. எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், எழுத்துத்தான் தெரியாது. அதனால் என்ன, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் சம்மணம் போட்டு, சிலேட்டில் எழுதிப் படித்தேன். சபைப் பெரியவர் ஞானையன் அதைப் பார்த்துவிட்டு, "புஸ்தகம் வாசிச்சா மரம் காய்க்குமாட்டி?" என்று கேட்டுப் போனார்.

மூன்றாவது நீங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைசாணியிடம் கேட்டு வாங்கி அனுப்பிய இங்கிலீஷ் ரோஜாப் புத்தகம். உண்மையைச் சொல்கிறேன், அது வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. உறைபனிக்குச் செடியை வைக்கோலால் மூடு என்கிறது. அருமனையில் எனக்கே வியர்த்து வடிகிறது, ரோஜாவுக்குப் போர்வையா? மூடி வைக்கப் போகும்போதுதான் ஓரங்களில் உங்கள் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். கடினமான சொல்லுக்கெல்லாம் தமிழில் அர்த்தம், கடைசிப் பக்கம் வரைக்கும். நாள் முழுதும் மலை ஏறி இறங்கிய கையால் எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகு ரோஜாவுக்காக இல்லை, பென்சிலுக்காகவே வாசித்தேன். விண்ணப்பத்தில் மலையாளப் புத்தகத்துக்குக் கீழே அதையே எழுதினேன். சோசம்மா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

செய்முறைப் பரீட்சையில் காட்ட நான் மா ஒட்டுக் கட்டி வைத்திருந்தேன். ஆனி மழையில் கட்டினதில் ஒன்றுதான் பிடித்தது. அந்தச் சட்டியைப் பொன்னைப்போல் பார்த்து வந்தேன். அறுப்பின் பண்டிகை அன்று நான் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது காணிக்கை வாழைக்குலைகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவில் இருந்தது. மாமிதான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "முதல்ல பிடிச்சது கர்த்தருக்கு உள்ளதாக்கும் மக்கா. அத நீ பரீச்சைக்கா கொண்டு போவ?" என்றார்கள். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டபோது நானும் கேட்டேன். ஞானையன் விடவில்லை, ஏற்றிக்கொண்டே போய் எடுத்துவிட்டார். காணிக்கையைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மா ஒட்டுப் பிடிக்க மாசக்கணக்கு ஆகும். பரீட்சையோ அடுத்த மாசம்.

ஆகவே வெறுங்கையோடு நாகர்கோவிலுக்குப் போனேன். எழுத்துப் பரீட்சையில் மலையாளப் புத்தகம் கைவிடவில்லை. செய்முறைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு உத்தியோகஸ்தர் வந்திருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரித்து, "அருமனையில் ரோஜாப் புத்தகமா? சரி, அதில் படித்ததைச் செய்து காட்டுங்கள்" என்று ஒரு நாரத்தை நாற்றை என் முன்னால் நகர்த்தினார்.

அத்தான், அந்தப் புத்தகத்தில் மொட்டு ஒட்டும் பாடத்தில்தான் உங்கள் பென்சில் அதிகம். அதைப் பார்த்துப் புறவாசலில் எத்தனையோ நாற்றைக் கெடுத்திருக்கிறேன். கடைசியில் கை பழகியிருந்தது. பட்டையில் தலையில்லாச் சிலுவைபோல் கீறி, சாத்துக்குடிக் கொம்பிலிருந்து ஒரு மொட்டைச் சீவி உள்ளே செருகி, நனைத்த வாழைநாரால் சுற்றினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. "கத்தி எங்கே வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் விட்டுப்போன சவரக் கத்தி அது. இனி முகத்துக்கு ஆகாது. தாடியோடு இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

சர்டிபிகேட் வாங்கப் போன அன்று மொட்டு பிடித்துப் பச்சையாக இருந்தது. அந்த உத்தியோகஸ்தர் சட்டியோடு எனக்கே தந்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், யார் என்ன நினைத்தால் என்ன. ஞானையன் இப்போது தன் வீட்டு வாசலில் நட்டிருக்கும் அந்த மாங்கன்றைக் காட்டி, "சர்டிபிகேட்காரி கெட்டுன ஒட்டாக்கும்" என்று சொல்லித் திரிகிறாராம்.

தேங்காய் விலை விழுந்த வருஷம், "இங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று சொல்லித்தான் கப்பல் ஏறினீர்கள். இப்போது தேயிலைத் தோட்டத்தில் இன்னும் சில வருஷம் இருக்கச் சொல்லி மறுபடியும் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாரத்தையில் சாத்துக்குடி மூன்று இலை விட்டிருக்கிறது. முதல் காய் யாருக்கு என்று மாமி இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். கொண்டு போகட்டும். வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் அதைப் புது வீட்டு வாசலில் நட வேண்டும். அங்கே செம்மண் கல்லாகக் கிடக்கிறது, பெரிய குழி வேண்டும். வெட்ட ஆள் அனுப்பட்டுமா என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு தரம் கேட்டார்கள். வேண்டாம், எங்கள் வீட்டில் ஆள் உண்டு என்று சொல்லிவிட்டேன்.

மலையிலும் கடலிலும் கர்த்தர் உங்களைக் கைப்பிடித்து நடத்தட்டும்.

என்றும் உங்கள்,
ஜெபகுமாரி.