பெயர் மாறாத கோப்புறை

வைகாசி 6, திங்கள்

காலையிலிருந்து சோளகக் காற்று. அச்சகம் முழுக்கப் புழுதி. இரண்டு தேத்தண்ணி, ஒரு வடை.

செல்வராணி அக்கா வந்தார். காலமான கணவர் கனகலிங்கத்தாரின் கல்வெட்டுப் புத்தகம், அதாவது நினைவு மலர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்க. வெள்ளிக்கிழமை கீரிமலைக் கடற்கரையில் கிரியை, எனவே வியாழன் அச்சு. படங்கள் எங்களிடமே உண்டு, அவர்கள் மகளின் கலியாணத்துக்கு அல்பங்களை ஸ்கான் செய்திருந்தோம். அல்பங்களைக் கறையான் தின்றுவிட்டதாம்.

"உங்களிட்டை இருக்கிறதுதான் தம்பி மிச்சம்."

கடைப் பழக்கம்: ஆள் போனால் அவர் கோப்புறையின் பெயருக்கு முன்னால் 'அமரர்'. படங்களைக் கடித உறையில் வைத்த காலத்திலிருந்தே. முதலாளி இதில் கண்டிப்பு. இவருடையதையும் மாற்றப் பார்த்தேன். மாறவில்லை. அது வேறு வட்டில் இருக்கிறதாம், கணினி சொல்கிறது. அட சனியனே, ஒரே இடத்தில்தானே கிடக்கிறாய்!

இரண்டு வட்டுகள் என்பது உண்மைதான். கீழே பழைய படங்கள், எழுத முடியாத பெரிய வட்டு. மேலே அன்றாட வேலைக்குச் சின்னது. இரண்டையும் அடுக்கி ஒன்றாகக் காட்டும் ஏற்பாடு. நானே செய்தது, பெருமையாக.

செவ்வாய்

வெயில். பொறுமை போய்விட்டது. 'அமரர் கனகலிங்கம்' என்று புதிதாக ஒன்று திறந்து, படங்களைப் பிரதி செய்து, பழையதை அழித்தேன். பிறகு பார்த்தால் பாதிப் படங்கள்தான். சின்ன வட்டு நிரம்பி, பிரதி இடையில் நின்றிருக்கிறது. கவனிக்கவில்லை. மொக்கன்!

மத்தியானச் சோறு இறங்கவில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. அக்காவின் முகம்தான் கண்ணில்.

புதன்

தூறல். கொடிகாமத்துச் சிவகரன் அண்ணைக்குப் போன் அடித்தேன். கணினி படித்த காலத்தில் எனக்கு மூத்தவர்.

"ஒண்டையும் தொடாதை. கீழ் வட்டிலை உன்னாலை எழுதேலாதெண்டால், அழிக்க மட்டும் ஏலுமோ? மேலை ஒரு மறைப்புத்தான் விழுந்திருக்கும், படங்கள் கீழை அப்பிடியே கிடக்கும். நில், வாறன்."

மழைக்குள் மோட்டார்சைக்கிளில் வந்தார். மாம்பழப் பை வேறு. அடுக்கைப் பிரித்து, மேல் வட்டில் இருந்த பாதிப் பிரதியையும் மறைப்பையும் எடுத்தார். எல்லாம் இருந்தது. எல்லாம்! ஒரு படத்தில் கனகலிங்கத்தார் பஸ் வாசலில் நின்று சிரிக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும்.

பிறகு அடுக்கைத் திரும்பப் பூட்டும்போது நான் போடாமல் விட்ட ஒரு தெரிவைப் போட்டார். புதுப் பெயர் மேல் வட்டில், படங்கள் கீழேயே. பிரதி எதுவும் வேண்டாம். 'அமரர்' போட்டேன், கண் மூடித் திறக்க முன் மாறிவிட்டது.

நன்றி சொல்ல வாய் திறந்தேன்.

"சும்மா போடா. தேத்தண்ணியைப் போடு."

நல்ல மனுசன். கடவுள் அவரை நல்லா வைத்திருக்கட்டும்.

வியாழன்

அச்சுக்கு முன் பார்க்க அக்கா வந்தார். ஒவ்வொரு படமாகக் காட்டினேன். பஸ் வாசல் படத்தில் அதிக நேரம் நின்றார். பிறகு திரையின் மேல் விளிம்பில் இருந்த கோப்புறைப் பெயரை வாசித்தார்.

"புத்தகத்திலை அமரர் எண்டு போடத்தானே வேணும், தம்பி. ஓம். ஆனா உதுக்குள்ளை அவர் சிரிச்சுக்கொண்டெல்லே நிக்கிறார். உதிலை மட்டும் வெறும் பேரை விடேலாதோ?"

முதலாளியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாத்திவிடு," என்றார்.

மாற்றினேன். ஒரு மறுப்பும் இல்லாமல் மாறியது.