விண்ணப்ப எண் பதினான்கு

ஜூன் 2, திங்கள்

இன்றும் என்னை எண்ணச் சொன்னார்கள்.

குருமடத்தில் திருத்தொண்டர்களுக்குத் திருப்பலி நடத்தும் பயிற்சி. இன்னும் ஆறு மாதத்தில் குருவாகப் போகிறவர்கள். குரலும் கையசைவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவர்கள் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ‘முணுமுணுப்பு’ என்று நான் பெயர் வைத்திருப்பவர் கைகளை விரித்தால், மழை வருகிறதா என்று பார்ப்பதுபோல் இருக்கிறது. பொறுக்க முடியாமல் நானே பயிற்சி அறைப் பீடத்தில் நின்று செய்து காட்டினேன். அப்பத்தைக் கையில் எடுத்துச் சொல்லும் வார்த்தைகள் வந்ததும் பின்வரிசையில் குருமட அதிபர் தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், அந்த இடத்துல மட்டும் வார்த்தை வேணாமே. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக் காட்டுங்க. ஏற்ற இறக்கம் புரிஞ்சா போதும்.”

பதினாறு வருடமாக இதே விதி. பெண் குருவாக முடியாது, அதனால் குரு மட்டுமே சொல்லும் அந்த வார்த்தைகள் பெண் வாயில் ஒத்திகைக்குக்கூட வரக் கூடாது. எண்ணினேன். முணுமுணுப்பு அந்த எண்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூன் 4, புதன்

வகுப்பு முடிந்ததும் முணுமுணுப்பு தயங்கித் தயங்கி வந்தார். “எங்களவிட உங்களுக்குத்தான் டீச்சர் இது நல்லா வருது. குருவாகணும்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?”

“நேரமாச்சு, கிளம்புங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பதினேழு வயதிலிருந்து தோன்றிக்கொண்டுதானே இருக்கிறது. அப்போது பங்குக் குருவிடம் சொன்னேன். கன்னியர் மடத்தின் விலாசத்தைக் கொடுத்தார். மூன்று வருடம் இருந்தும் பார்த்தேன். நல்ல மனுஷிகள். ஆனால் எனக்கு வந்த அழைப்பு அது இல்லை. பசிக்கிறது என்றவளுக்குப் போர்வை கொடுத்த கதை.

ஜூன் 5, வியாழன்

அலுவலகத்துக்குச் சாக்பீஸ் வாங்கப் போனேன். மேசையில் குருமடத்தில் சேருவதற்கான படிவங்கள். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற கோயில், மணமாகாதவரா, தீராத நோய் உண்டா. வயது வரம்பு நாற்பத்தைந்து. எனக்கு ஆகஸ்டில் அது முடிகிறது.

ஆணா பெண்ணா என்ற கட்டமே இல்லை. இத்தனை வருடத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். சாக்பீஸை மறந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

கொடுத்துவிட்டேன். எழுத்தர் பெயரைக்கூடப் படிக்கவில்லை. கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று விரலை ஓட்டிப் பார்த்து முத்திரை குத்தினார். “பதினாலாம் நம்பர். பதினாறாந்தேதி காலைல பத்து மணிக்கு நேர்காணல்.”



ஜூன் 10, செவ்வாய்

அதிபர் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். தேநீர் வேறு கொடுத்தார்.

“விளையாட்டாப் பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டீச்சர். படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்.”

“எழுதலைன்னா?”

“உங்கள வகுப்புல வெச்சுக்க முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்கு.”

திங்கட்கிழமை வரை கெடு. அந்த வகுப்பும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? ஒரு பீடத்தின் முன்னால் நான் நிற்க முடிகிற ஒரே இடம் அது. அது அவருக்கும் தெரியும். நல்ல மனுஷன் வேறு, மனம் விட்டுத் திட்டவும் முடியவில்லை.

ஜூன் 11, புதன்

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“ஒரு வரிதானடி? எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு. உன் மனசு கடவுளுக்குத் தெரியாதா?”

“அவருக்குத் தெரியும்க்கா. இவங்களுக்கு யாரு சொல்றது?”

“நீதான் சொல்லணுமா? ஊர்ல வேற பொம்பளையே இல்லையா?”

பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். 

ஜூன் 14, சனி

மூன்று தாள் வீண். ‘விளையாட்டாக’ என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகரமாட்டேன் என்கிறது. ச்சே.

ஜூன் 16, திங்கள்

நடைவழியில் நீள பெஞ்சு. பதிமூன்று ஆண்கள், பாதிப் பேரோடு அவர்களின் அம்மாக்கள். ஓர் அம்மா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

“உங்க பையன் எந்த நம்பர்?”

“பையன் இல்லீங்க, நான்தான். பதினாலு.”

ஏற இறங்கப் பார்த்தார். “பதினாலா? மத்தியானம் ஆயிடுமே. சாப்டீங்களா?” என்றார்.

உள்ளே மூன்று பேர்: அதிபர், வயதான குரு ஒருவர், இப்போது குருவாக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர். அதிபர் கையை நீட்டினார். “எழுதிட்டு வந்தீங்களா?”

“இல்ல ஃபாதர். அது விளையாட்டு இல்ல.”

அதிபர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு பழைய மாணவர் அச்சடித்த கேள்வித்தாளைத் தன் பக்கம் இழுத்தார். “இந்த அழைப்ப முதல்ல எப்ப உணர்ந்தீங்க டீச்சர்?”

“அதெல்லாம் தேவையில்ல” என்றார் அதிபர்.

“நம்பர் குடுத்துட்டோமே ஃபாதர். கேட்டுத்தான ஆகணும்?”

சொன்னேன். குரல் நடுங்கியது, இதே நடுக்கத்துக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! இருபத்தேழு வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை ஒருவர் உட்கார்ந்து எழுதியது இன்றுதான்.

கிளம்பும்போது அதிபர் பயிற்சி அறைச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். வகுப்பு போய்விட்டது, அது வலிக்கிறது, வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

கேள்வித்தாளில் முடிவுக்கான இடத்தில் ‘ஏற்கப்படவில்லை’ என்று எழுதினார்கள். அதற்கு மேலே இரண்டு பக்கம் என் பதில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பழைய மாணவர் என்னிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.