ஆறாயிரம் நம்பர் ரீல்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் வசந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மாடி ரூமில் வாடகைக்கு இருக்கிற பையன்கள் நலம், உன் அப்பா வாயளவில் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாய். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. உன் குரல் கேட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைக்கிறார், அதில் அவரைப் பற்றியே நான் எப்படிப் பேசுவது? பக்கத்து வீட்டு ஸ்ரீதர் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிறான், நாரத்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவன் பையில் வைத்திருக்கிறேன். ஊறுகாயில் அவனுக்குப் பங்கு கொடு, கடிதத்தில் கொடுக்காதே.

நீ அனுப்பிய தூண்டில் ரீல் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. டிவிக்குப் பக்கத்தில் அதற்குத்தான் இடம். டீக்கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினார், கோயில் கும்பாபிஷேகக் கூட்டத்துக்கும் எடுத்துப் போனார். கேட்டவர்களிடமெல்லாம் ஆறாயிரம் நம்பர், ஆறாயிரம் நம்பர் என்று சொல்லி, அது ரீலின் சைஸ் என்று தெரியாமல், விலையா என்று பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். டிவி வாங்கினாய், சுவரைவிடப் பெரியது. குக்கர் வாங்கினாய், ரெண்டு பேருக்குச் சமைக்கிற வீட்டில் கல்யாணக் குக்கர். கடையில் எது பெரிதோ அதுதான் பாசம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கடல் பாலத்தில் நின்று ஆளுயர மீன் பிடிக்கிறவர்களின் போட்டோ அனுப்பினாயே, அவர்கள் கையில் இருந்ததைப் பார்த்து அதையே வாங்கிவிட்டாய். உன் அப்பா வாரலீவில் கூட வேலை பார்க்கிறவர்களோடு வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்கு பைக்கில் போகிறவர். அங்கே கிடைப்பது விரல் நீளக் கிழங்கானும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சின்னக் கொடுவாவும். முதல் நாள் பார்த்ததுமே கம்பெனியில் அவர் லைனில் வேலை பார்க்கிற கொம்பையா, அதுதான் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன், அண்ணாச்சி இது மீன் புடிக்கவா இல்ல கெணத்துல தண்ணி எறைக்கவா என்று கேட்டிருக்கிறான். இவர் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சோறு கட்டிக்கொண்டு அவர்களோடு போனேன். கொம்பையாவிடம் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு நம்பர், எலுமிச்சம்பழத்தைப் பிடித்த மாதிரி கைக்குள் அடங்குகிறது. மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன இறாலைக் கோத்து வீசினால் நினைத்த இடத்தில் போய் விழுகிறது. உன் ரீலில் இருக்கிற தடித்த நரம்புக்கு அந்த இறால் பாரமே இல்லை, நாலடி தள்ளி விழுந்து எங்களைப் பார்த்தது. ராடு லேசு, ரீல் கனம், முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்குகிறது. பத்துத் தரம் வீசிவிட்டு அப்பா, காத்து நல்லா கீது, செத்த குந்தலாம் என்று உட்கார்ந்தார். துண்டுக்கு அடியில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்தேன். மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது டீ டம்ளரை இடது கையால் வாங்கினார். மணிக்கட்டு புஸ்ஸென்று வீங்கியிருந்தது.

இது ரீலால் மட்டும் வந்த வீக்கம் இல்லை என்பது உனக்கும் தெரியும். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்டில் அந்த நட்டு முறுக்கும் கன்னைப் பிடித்த கை அது. லேசான கன் கேட்டால், எல்லாருக்கும் ஒரே கன்தான் என்கிறான் சூப்பர்வைசர், அவன் ஒரு நாள் பிடித்துப் பார்த்திருப்பானா? போன வருஷம் ஒருத்தர் கை வலி என்று கம்பெனி டாக்டரிடம் போனார், அடுத்த வாரம் அவருக்கு கேட் பாஸ் இல்லை. அதற்குப் பிறகு அந்த லைனில் ஒருத்தருக்கும் வலிப்பதில்லை, எவ்வளவு ஆரோக்கியமான லைன் பார். உன் அப்பாவும் யாரிடமும் சொல்லமாட்டார், ஞாயிற்றுக்கிழமை வீங்கி, திங்கட்கிழமை கன் நழுவி, அதை சூப்பர்வைசர் கண்ணால் பார்த்துவிட்டால் வேலை போய்விடும். கோபித்துக்கொள்ளாதே, ஒன்று சொல்கிறேன். கம்பெனியும் அவர் கையைப் பார்க்காமல் ஒரு சாமானைக் கொடுத்தது, நீயும் கொடுத்தாய். கம்பெனி லாபத்துக்குச் செய்தது, நீ ஆசைக்குச் செய்தாய், நோகிறது என்னவோ அதே கை.

நானே போய் இரண்டாயிரத்து ஐந்நூறு நம்பரில் ஒன்று வாங்கிவந்தேன். தொடமாட்டேன் என்கிறார். பையன் ஆசையா வாங்கி அனுப்பிகீறான், அத்த வூட்ல வெச்சிட்டு வேற ஒண்ணுத்த தூக்கினு போனா நல்லாவா கீது என்கிறார். சரி என்று அடுத்த ஞாயிறு கரைக்குப் போய் நானே வீசினேன். நம்பு, மூன்று கிழங்கான் பிடித்தேன், அவருக்கு ஒன்றும் இல்லை. பொம்பள கைக்குத்தான் அது சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சோற்று மூட்டையை அவிழ்க்கப் போன நேரத்தில் அந்தச் சின்ன ரீலின் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் என் கால் சத்தம் கேட்டதும் கீழே வைத்துவிட்டார், திருட்டுத்தனமாக வெல்லம் தின்கிற பிள்ளை மாதிரி. அன்றைக்குத்தான் கொம்பையாவிடம், சின்ன மீனுக்குச் சின்ன ரீல் என்று நீயாவது இவருக்குச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, மீனுக்காவ இல்ல மதினி, மணிக்கட்டுக்காவ வாங்குனது, வெளிய சொல்லிராதிய என்றான். அதற்கப்புறம் கரையைப் பார்த்தேன். வீசிவிட்டு ஒவ்வொருத்தரும் வலது கையை உதறுகிறார்கள். ஆறு பேர், ஆறு கை, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர். ஒரு கை வலித்தால் கம்பெனிக்காரன் வெளியே அனுப்புவான், லைனே வலிக்கிறது என்று சேர்ந்து போய் நின்றால் யாரை வைத்து வண்டி ஓட்டுவான் என்று சோறு போடும்போது சத்தமாகவே கேட்டேன். அப்பா, இன்னா நீ, மீன் புடிக்க வந்தியா மீட்டிங் போட வந்தியா என்றார். ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை, கொம்பையா தன் கையை நீட்டி முதலில் காட்டினான். அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து எச்.ஆர். அதிகாரியிடம் போவதாகப் பேச்சு. அப்பா மட்டும் இன்னும், எனக்கு ஒண்ணும் இல்லியே என்கிறார்.

அதனால் சனிக்கிழமை நீ போன் செய். தை மாசம் லீவில் வந்து படகில் ஆழக்கடலுக்குப் போகப் போகிறேன், அந்த ஆறாயிரம் எனக்கு வேண்டும், உப்புத் தண்ணி படாமல் துடைத்துப் பெட்டியில் வையுங்கள் என்று கேள். நீ கேட்டால் கொடுத்துவிடுவார். அப்புறம் என்னுடையதை எடுக்காமல் எங்கே போவார், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். ரீலைக் கேள், கையைக் கேட்காதே, கேட்டால் நன்றாக இருக்கிறது என்று காட்டவே ஓவர்டைம் பார்க்கப் போவார்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு வீடு வந்து சேர நம் ஊர் அம்மன் துணை இருப்பாள். குளிர்ந்த தண்ணியில் குளிக்காதே. இன்னொன்று. அந்தக் கப்பல் யார்டில் நீயும் நாள் முழுக்க இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பிடிக்கிறாய், போன தடவை வீடியோவில் பேசும்போது போனை இடது கையில் வைத்திருந்தாய். அவர் பிள்ளைதானே நீ, ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வாய். என்னிடம் அது நடக்காது. உன் கை எப்படி இருக்கிறது, உண்மையைச் சொல்.

உன் அம்மா,
மரகதம் பரசுராமன்