நீ கேட்காமலே விட்ட மீசை

நிலாக்காரன் என்று நானே பட்டம் வைத்து ஊர் முழுக்கப் பரப்பிய என் ஆரோக்கியம் மச்சானுக்கு,

உனக்கு ஒரு கடிதம் எழுத இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஊர்க் கடிதத்தையெல்லாம் சுமந்தவன் நான். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓப்பநாயக்க டவுன் தபால் கந்தோருக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் நடந்திருக்கிறேன். உனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. ஒரே லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவனுக்கு எதற்குக் கடிதம்? வாசலில் நின்று கூப்பிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. ரீட்டா நன்றாக இருக்கிறாள். கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். கோழி வளர்க்கிறாள், நாள் பூராவும் அதுகளோடு சண்டை போடுகிறாள். உன் மகள் மெர்சி டீச்சராகிவிட்டாள், தெரியுமா? நம் தமிழ்ப் பாடசாலையிலேயே, விஞ்ஞானப் பாடத்துக்கு. நியமனக் கடிதம் வந்த அன்று நான் வேலையை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. ஆனாலும் கந்தோருக்குப் போய் என் கையாலேயே வாங்கி வந்து கொடுத்தேன். நான் சேர்த்த கடிதங்களில் அதுதான் பெரியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மீசை விஷயம்.

உன் கல்யாண நாள் நினைவிருக்கும். அப்போது நீ நிவித்திகல பக்கம் மணிக்கல் குழியில் வேலை செய்துகொண்டிருந்தாய். குழியில் வேலை செய்கிற மாப்பிள்ளை என் தங்கச்சிக்கு நீலக்கல் மோதிரம்தான் போடப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தோம். நீ போட்டது வெள்ளி மோதிரம். அதில் தண்ணீர்ப் பால் மாதிரி ஒரு வெள்ளைக் கல். சந்திரகாந்தக் கல். சரளை அரிக்கும்போது கிடைத்தால், வச்சுக்கோ என்று முதலாளியே விட்டுவிடுகிற கல். கோயிலை விட்டு வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"என்னா மச்சான், குழியில நீலம் முடிஞ்சு போச்சா?"

நீ கோபப்படவில்லை. "இது நிலாவுக்குச் சொந்தக்காரக் கல்லு மச்சான். நிலாவும் நம்ம மண்ணும் ஒரே வயித்துப் பொறப்பு தானே."

"எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"படிக்கல. குழிக்குள்ள நின்னுக்கிட்டு மேல பாக்குறப்ப அப்படித் தோணுச்சு."

எனக்கு அது போதாதா? தோட்டத்துத் துரைக்கு வருகிற பேப்பரைத் துரைக்கு முன்னாலேயே படித்துவிடுகிறவன் நான். தோட்டத்தில் உலக விஷயம் தெரிந்த ஒரே ஆள் என்று எனக்குள் ஒரு கனம். பந்தியில் எழுந்து நின்று பெரிய பிரசங்கமே பண்ணினேன். நிலா எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது, போகிற வழியில் பூமியிடம் மாட்டிக்கொண்டது, அதற்கும் நம் குழி மண்ணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றேன். "இவன் சொல்றது நெசமா இருந்தா இந்த மீசைய எடுத்துர்றேன். மாதா மேல சத்தியம்" என்று முடித்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து நீ நிலாக்காரன்.

ஒரு வாரத்தில் ரீட்டா மோதிரத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். கொழுந்தெடுக்கும்போது செடியில் மாட்டுகிறது என்றாள். மலையில் பொம்பளைகள் கேலி பண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நீயோ அதற்குப் பிறகு என்னை எப்போது பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டாய். "மீசை சொகமா மச்சான்?" சுகம் விசாரிப்பதில் அது உன் பாணி என்று நினைத்து, நானும் முறுக்கிவிட்டுக்கொண்டு, "சொகம், சொகம்" என்று போய்விடுவேன்.

நிலா என்றால் உனக்கு அப்படி ஒரு பாசம். இந்தியா முதலில் இறக்கப் பார்த்த கலம் விழுந்து நொறுங்கியபோது, சொந்த வீட்டில் யாருக்கோ அடிபட்ட மாதிரி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நீ. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நீ போய்ச் சேர்ந்த மறு வருஷம் அவர்கள் மறுபடி அனுப்பினார்கள். இந்தத் தடவை பத்திரமாக இறங்கியது மச்சான், நிலாவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில். அதுவரை யாரும் அந்தப் பக்கம் இறங்கியதில்லை. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். லயமே உன் வீட்டு டீவி முன்னால்தான். கீழ்க்கடை முதலாளியும் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து, "ஹரி ஷோக், ஹரி ஷோக்" என்று சிங்களத்தில் மெச்சித் தொடையைத் தட்டினார். நாங்கள் கைதட்டியதில் ரீட்டாவின் கோழிகளெல்லாம் மிரண்டு கத்தின. நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு வந்தது.

போன மாதம் மெர்சியின் பாடசாலையில் விஞ்ஞான தினம். மாமா கட்டாயம் வர வேண்டும் என்றாள். மீசைக்கு எண்ணெய் தடவி, முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். தலைப்பைப் பார்த்தேன். நிலா எப்படி வந்தது?

மேசையில் ரொட்டி சுடப் பிசைந்த கோதுமை மா உருண்டை இரண்டு வைத்திருந்தாள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "நிலா எங்கருந்தோ வந்து மாட்டிக்கிச்சுன்னு ஒரு காலத்துல நெனச்சாங்க" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சின்னதைப் பெரியதன் மேல் சாய்வாக வீசினாள். மா சிதறியது. ஒரு துண்டு பாடசாலை அதிபரின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் அடங்கவே கொஞ்ச நேரமானது.

பூமி பிறந்து கொஞ்ச காலத்தில், செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் வந்து அதன் மேல் இப்படித்தான் மோதியதாம். நானூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்னால். இரண்டும் உருகி, பூமியிலிருந்தும் அதிலிருந்தும் தெறித்த குழம்பு பூமியைச் சுற்ற ஆரம்பித்து, பிறகு ஒன்று சேர்ந்து நிலா ஆகிவிட்டதாம். அப்போது அது நமக்கு வெகு பக்கத்தில் இருந்ததாம். இன்றைக்கும் நகம் வளர்கிற வேகத்தில் நம்மை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறதாம். என் மெர்சி இதையெல்லாம் பேப்பர் பார்க்காமல் சொன்னாள் மச்சான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையை மறந்தே போனேன்.

இது எப்படித் தெரியும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். போய்ப் பார்த்ததால்தான் தெரியும் என்றாள் மெர்சி. ரஷ்யாக்காரர் அனுப்பிய ஒன்றுதான் முதலில் நிலாவில் போய் மோதி விழுந்தது. அடுத்தது, நாம் ஒருநாளும் பார்க்க முடியாத பின்பக்கத்தைச் சுற்றிப் போய்ப் படம் பிடித்தது. பிறகு அமெரிக்காக்காரர் ஆறு தடவை இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் நடந்தார்கள், கல் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். சமீபத்தில் சீனாக்காரர் பின்பக்கத்திலிருந்தே மண் அள்ளி வந்துவிட்டார்கள். அமெரிக்கர் கொண்டு வந்த கல்லைப் பரிசோதித்தால், அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்களின் கலவை பூமிக் கல்லோடு அப்படியே ஒத்துப்போகிறதாம்.

அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். உன் மோதிரம்.

"இது நிலாவுல இருந்து விழுந்த கல்லு இல்ல. நம்ம ரத்தினபுரி மண்ணுல கெடச்சது. ஆனா நிலாவுல வெள்ளையாத் தெரியுற மேட்டு நிலம் இருக்குல்ல, அந்தப் பாறையில பெரும்பங்கு இதே குடும்பத்துக் கனியந்தான். எங்க அப்பா இத நிலாவுக்குச் சொந்தக்காரக் கல்லுன்னு சொல்வாரு."

மோதிரம் கை மாறி மாறி எல்லாப் பிள்ளைகளிடமும் போனது. கடைசியில் என் கைக்கு வந்தது. சாய்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு வெளிச்சம் நகர்ந்தது. கல்யாணத்தன்று நான் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "இதெல்லாம் இன்னும் முடிவாகல தானே? ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"ஆமா மாமா. எப்படி மோதுச்சுன்னு இன்னும் வாதாடிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா ரெண்டும் ஒறவுதாங்கிறதுல பெரிய சண்டை இல்ல."

என் கை தானாக மீசைக்குப் போனது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பயப்படாதீங்க மாமா. அப்பா அத விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு."

அப்போதுதான் சொன்னாள். அவள் ஏ.எல். வகுப்பு படிக்கும்போதே இதைப் புத்தகத்தில் பார்த்து உனக்கு வாசித்துக் காட்டினாளாம். நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாயாம். பிறகு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாயாம். மாமாவிடம் காட்டுகிறேன் என்று அவள் புத்தகத்தோடு வாசலுக்கு ஓடியபோது, கையைப் பிடித்து நிறுத்தினாயாம்.

"வேணாம் புள்ள. அந்த மீசை இல்லாட்டி ஒங்க மாமா மூஞ்சியப் பாக்க சகிக்காது. இருந்துட்டுப் போகட்டும்."

மச்சான், ஜெயித்துவிட்டாய் என்று தெரிந்தே எத்தனை வருஷம் என்னிடம் "மீசை சொகமா" என்று கேட்டாய்? நான் முறுக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் சிரித்தாயா? என்னை ஒரு தரமாவது பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருக்கக் கூடாதா? ஊர் உன்னை நிலாக்காரன் என்று கூப்பிடக் கூப்பிட, அதையும் வாங்கிக்கொண்டு இருந்தாயே. எனக்கு உன் மேல் கோபம்கூட வந்தது. அந்த பஸ்ஸில் அழுதுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரீட்டாவிடம் சொன்னேன். "வுடுண்ணே. அவரே கேக்கல. இப்ப யாருக்காக எடுக்கப் போற?" என்றாள். சொல்லிக்கொண்டே மோதிரத்தைத் துணியில் சுற்றி மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். யாருக்காக என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை ஓப்பநாயக்க சலூனுக்குப் போனேன். இத்தனை வருஷமாக என் மீசையை ஒதுக்கிவிடுகிற சிங்களத் தம்பி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஷுவர் த அய்யே?" நிச்சயம்தானா அண்ணே என்று ரெண்டு தரம் கேட்டான். ஷுவர் என்றேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்கிறாள். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

மறுநாள் பூசை முடிந்ததும், நீ மாலையோடு நின்ற அதே கோயில் வாசலில் நின்று எல்லோரையும் நிற்கச் சொன்னேன். உன் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். "ஆரோக்கியம் சொன்னது சரி. நாந்தான் தப்பு. அவரு ஜெயிச்சும் கேக்காம போயிட்டாரு" என்றேன். பின்னாலிருந்து யாரோ, "அப்ப நிலாக்காரன் ஜெயிச்சிட்டான்" என்றார்கள். சனம் சிரித்தது பார், கல்யாணத்தன்று கூட அப்படிச் சிரிக்கவில்லை. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ரீட்டா சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் போல என்று பின்னாலேயே போனேன். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. கொழுந்தெடுத்துத் தடித்துப்போன மோதிர விரலில் உன் மோதிரம் ஏறவில்லை. சுண்டு விரலில் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்குல்லண்ணே?" என்றாள்.

கல்லறைத் திருநாள் வருகிறது. மெழுகுதிரியோடு நாங்கள் மூன்று பேரும் வருவோம். மெர்சியோடும் மோதிரம் போட்ட ரீட்டாவோடும் மொட்டை உதட்டோடு ஒருவன் வந்து நின்றால், யாரோ என்று திகைக்காதே. நான்தான். நான் இருக்கிற வரைக்கும் இந்த மீசையை மறுபடி வளர்க்க மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. பார்க்கச் சகிக்காதுதான், பொறுத்துக்கொள். இனிமேல் நீ என்னிடம் வேறு ஏதாவது சுகம்தான் விசாரிக்க வேண்டும்.

தோற்றதில் இவ்வளவு சந்தோஷப்படுகிற
உன் மச்சான்,
ரீட்டாவின் அண்ணன் சூசை