குருத்துக்குள் மண்ணெண்ணெய்

மச்சாள், கொடியில் காய்ந்த சேலையை எடுத்தால் பச்சை ஓலை எரிந்த புகை மணக்கிறது. உம்முடைய வீட்டு வளவிலிருந்துதான் வருகிறது. கடற்கரைப் பக்கம் நீர் விட்டுவைத்த இளம் பனை வடலிகளை இன்றைக்கு இரண்டாம் முறையாக வெட்டி நெருப்பு வைத்திருக்கிறார்கள். உம்முடைய மகன் கனடாவில் இருந்தபடி ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறான். எனக்கு வருகிற ஆத்திரத்தை வேறு யாரிடம் சொல்ல? செத்துப்போனாலும் நீர்தான் கேட்க வேண்டும்.

அந்த வடலிகள் முளைத்த வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பாத்தி போட்டோம். பனங்கொட்டைகளை அடுக்கி மண்ணால் மூடினோம். மாரி பெய்து ஓய்ந்து, தை பிறந்ததும் பனங்கிழங்கு கிண்டினோம். கடைசி நிரையில் நான் அலவாங்குக் கம்பியை வைக்கப்போக, நீர் கையைத் தட்டிவிட்டீர்.

"அதை விடும் மச்சாள். வடலியாகட்டும். சோளகக் காத்து எழும்பினா கடலுப்பு உம்மட கத்தரியைத்தானே கருக்குது."

நான் கேட்கவேயில்லை. உமக்கு அப்படித்தான், கேட்காமலே செய்வீர். ஐந்தாறு வருடத்தில் ஓலைகள் நெருங்கி வேலியாக நின்றன. என் தோட்டம் தப்பியது. காணியை மகனுக்கு எழுதும்போது, வடலியைப் பற்றி அவனிடம் ஒரு சொல் சொல்லி வையும் என்றேன். நீர் சிரித்தீர். "என்ர பிள்ளை மச்சாள். அவன் ஏன் வெட்டப்போறான்?"

உம்முடைய பிள்ளைதான் வெட்டினான். ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்தவன், அம்மனைக் கும்பிட்ட கையோடு கத்தியும் ஆட்களுமாக வளவுக்குள் நின்றான். பற்றையாம், பாம்பு வருமாம், மதில் கட்டப்போகிறானாம். யார் இருக்கப்போகிற வீட்டுக்கு மதில்? நீர் போன பிறகு அந்த வீட்டைத் திறந்து கூட்டுகிறவள் நான். அவன் வெட்டிவிட்டுப் பிளேன் ஏறினான். அந்த மாதம் முடியமுன் என் கத்தரி இலைகள் ஓரமெல்லாம் கருகிவிட்டன.

வேலை முடிந்தது என்று நினைத்திருப்பான். பனங்கொட்டை முளைத்தால் முதலில் கீழேதான் போகும், தண்டு வைக்கும்வரை வடலியின் உயிர் மண்ணுக்குள்தான் இருக்கும், ஓலையை எத்தனை தரம் வெட்டினாலும் குருத்து வரும் என்பது இந்தச் சரவணை ஊரில் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் அனுப்பச்சொல்லி வருடா வருடம் கேட்கிறானே, அது எங்கே விளைகிறது என்று நினைத்தான்? கடையிலா?

இன்றைக்குப் பின்னேரம் போன் எடுத்தான்.

"மாமி, உது சும்மா வெட்டினாச் சாகாதாம். குருத்துக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்த வேணுமாம். நீங்கள் பக்கத்திலதானே இருக்கிறியள், ஒருக்கா ஊத்திவிடுங்கோ."

"ஏலாது."

"அம்மான்ர காணி மாமி. இப்ப என்ர."

"ஓம், காணி உன்ர. வடலி கொம்மா எனக்கெண்டு விட்டது. ஊத்த வாறவன் என்னைத் தாண்டி வரட்டும்."

வைத்துவிட்டான். இனி எடுப்பானோ தெரியாது. விடிய எழும்பிப் போய், குருத்து வரப்போகிற இடமெல்லாம் முள்ளுக் கட்டுவேன்.

நீர் உயிரோடு இருந்தபோது அவனிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காக உம்மோடு எனக்கு இன்னும் கோபம்தான், மச்சாள். நீர் விட்ட வடலியைக் காக்கப்போய், உம்முடைய முகச்சாடையோடு எனக்கு மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையைப் பகைத்துக்கொண்டு இருக்கிறேன்.