பத்து லிட்டர் நீரில் யார் குடியிருப்பது

ஜனவரி 9

இரத்த அழுத்தத்திற்கு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் மனைவி ஷோல்பான் அதோடு ஒரு மீன்தொட்டியும் வாங்கி வந்தாள். நீந்தும் மீனை நாள்தோறும் பார்த்தால் சினம் தணியுமாம். தொட்டி பத்து லிட்டர். எங்கள் ஊர் கராகண்டாவில் அதைவிடப் பெரிய சமோவர்கள், தேநீர் கொதிக்கும் அண்டாக்கள், உண்டு.

கடைக்காரப் பெண் சொன்னாளாம்: "இதுல அஞ்சு தங்கமீன் தாராளமா விடலாம் அக்கா."

தாராளமா! அவளையும் இன்னும் நான்கு பேரையும் எங்கள் கட்டட லிஃப்ட்டுக்குள் ஆயுள் முழுவதும் நிற்க வைத்தால் அந்தச் சொல்லின் பொருள் விளங்கும். நான் சினம் கொள்ளவில்லை. நீர்வேதியியல் கற்பித்து ஓய்வை நெருங்குபவன் என்ற முறையில் குறித்து வைக்கிறேன், அவ்வளவே.

ஜனவரி 12

ஆராய்ந்து முடித்தேன். தங்கமீன்: உடல் பெரிது, கழிவு மிகுதி, கூடாது. நியான் மீன்: கூட்டமாக வாழ்வது; கூட்டத்துக்கு இங்கே இடமில்லை. சண்டைமீன்: தனியாக வாழும், எவரையும் கண்டால் செவுள் விரித்துச் சீறும்.

"அதான் ஏற்கெனவே ஒண்ணு வீட்ல இருக்கே" என்றாள் ஷோல்பான்.

முடிவு: ஒரு நத்தை. ஒன்றே ஒன்று. தண்ணீர் பக்குவப்படச் சில வாரங்கள் ஆகும், அதன்பின் குடியேற்றம்.

"பிரஷர் குறையறதுக்கு நத்தையையா பார்த்துக்கிட்டு உட்காரப் போறீங்க?"

"ஆம்."

"அது நகருதா இல்லையான்னு பார்த்தே உங்களுக்கு ஏறிடும்."

ஜனவரி 15

ஷோல்பான் வாசலுக்கு வருவோரிடமெல்லாம் "பைகஸி!" என்று கூவத் தொடங்கிவிட்டாள். எங்கள் வழக்கப்படி, வீட்டுக்குப் புதுப்பொருள் வந்தால், அதைக் கண்டவர் பைகஸி, அதாவது ஒரு பரிசு, தராமல் போகக் கூடாது. கொண்டு வந்ததை நாம் மறுக்கவும் கூடாது. சட்டைக்குச் சரி, குதிரைக்குச் சரி. பத்து லிட்டர் தொட்டிக்கு?

கீழ்வீட்டு ஸினாய்தா பாவ்லவ்னா பீங்கான் கோட்டை ஒன்றைக் கொடுத்தார். கொடிமரம் நீருக்கு மேலே நிற்கிறது. வைத்ததும் மூன்று லிட்டர் வழிந்து என் கால் மேல் விழுந்தது.

"மீன் உள்ள போய் ஒளிஞ்சுக்கும், கெனெஸ் சாதிகோவிச்!" என்றார் என்னிடம்.

மீன் இல்லை, அம்மையாரே. நத்தை. அது தன் வீட்டைத் தானே சுமந்து வரும். கோட்டை எதற்கு?

நன்றி மட்டும் சொன்னேன்.

ஜனவரி 18

ஷோல்பானின் அண்ணன் செயித்கலி வந்தார். வெளியே மைனஸ் முப்பது பாகைக் குளிர். மேலங்கியின் பொத்தான்களை மெல்ல அவிழ்த்தார். நெஞ்சோடு அணைத்த பையில் தங்கமீன். என் உள்ளங்கை நீளம்.

"மாப்பிள்ளை, வழியெல்லாம் மூச்சுக்கூட மெதுவாத்தான் விட்டேன். ஆட்டுக்குட்டியைக்கூட நான் இப்படித் தூக்கிட்டு வந்ததில்ல."

"அத்தான், இத்தொட்டிக்கு இது..."

ஷோல்பான் என் காலை மிதித்தாள்.

"சின்னதுதான், தெரியும்" என்றார் அவர் வருத்தத்துடன். "இதைவிடப் பெருசு அவங்ககிட்ட இல்ல."

தொட்டியில் விட்டார். அது முன்னே போகக் கோட்டை தடுத்தது, திரும்ப இடமில்லை, பேருந்தில் மாட்டிக்கொண்ட மூதாட்டியைப் போல எங்களைப் பார்த்தது. அவர் ஆட்டிறைச்சி உண்டு, மனநிறைவோடு புறப்பட்டார். இதைத் திருப்பித் தந்தால் ஷோல்பானுக்கு இனி அண்ணன் வீட்டு வாசல் கிடையாது. தொட்டியிலேயே விட்டால் ஒரு வாரத்தில் மீன் செத்துவிடும். இரண்டுக்கும் நானே பொறுப்பு. நான் ஒரு நத்தைதானே கேட்டேன்? ஒரு நத்தை!

மீனைக் குளியல் தொட்டிக்கு மாற்றினேன்.

ஜனவரி 20

இவ்வீட்டில் குளிப்பது இனி மீன் மட்டுமே. நாங்கள் பொதுக் குளியலறைக்குப் போகிறோம்.

ஜனவரி 26

ஒரு வழி புலப்பட்டது. என் அக்காள் மகன் ஜான்போலாத், நாற்பது வயது, சுரங்கத்தில் வேலை, கதவில் பக்கவாட்டாக நுழையும் உருவம். தாய்மாமன் வீட்டில் மருமகன் மூன்று முறை எதைக் கேட்டாலும் மறுக்கலாகாது. முதல்முறை என் தொலைநோக்கியைக் கேட்டான். இரண்டாம் முறை என் கார். மூன்றாவதைப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருக்கிறான். அவன் கண் என் கார்க்கொட்டகை மீது என்பது ஊரறிந்தது.

அவனாகவே மீனைக் கேட்டுவிட்டால்? மருமகன் எடுத்துப் போனதைப் பற்றி எந்த மைத்துனரும் முகம் சுளிக்க முடியாது. அவன் வீட்டில் ஆள் புகும் அளவுக்குப் பீப்பாய் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அழைத்திருக்கிறேன்.

ஜனவரி 29

தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவுருண்டையான பவுர்சாக்கும் வைத்தோம். அவனைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று மீனைப் புகழ்ந்தேன். அதன் நிறத்தையும், அறிவையும், குடும்பப் பெருமையையும் புகழ்ந்தேன். இத்தகைய மீனை ஒருநாளும் சிறு தொட்டியில் அடைக்கக் கூடாது என்று விளக்கினேன். அவன் வாயில் பவுர்சாக்கோடு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கூடத்துக்கு வந்து வெகுநேரம் நின்றான். சன்னல் வழியே கார்க்கொட்டகை தெரிந்தது. என் காதில் நாடி துடித்தது.

"மாமா, மூணாவதைக் கேட்டுடறேன்."

"கேள்."

"இந்தக் குட்டித் தொட்டி."

"மீனோடா?"

"மீன் எதுக்கு மாமா? இதுல மீன் வைக்கக் கூடாதுன்னு இப்பத்தானே அவ்ளோ நேரம் சொன்னீங்க?"

இத்தனை பேரில் நான் சொன்னதைக் கேட்டவன் இவன் ஒருவன்தான். தொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். கோட்டையை மறந்துவிட்டான். அல்லது மறக்கவில்லை.

பிப்ரவரி 3

ஜான்போலாத்தின் மனைவி தொலைபேசியில்: "பைகஸி, மாமா! புதுத் தொட்டி வந்திருக்கு, பார்க்க வாங்க!"

என் தொட்டி. அதைப் பார்க்க நான் பரிசு கொண்டுபோக வேண்டும். நல்லது. வழக்கம் வழக்கமே. மீனைப் பையில் இட்டு, மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்து, பொத்தானைப் பூட்டிப் புறப்பட்டேன். அவனால் மறுக்கவே முடியாது.

பேருந்து நிறுத்தத்தில் அது அசைந்தது. சரியாக இதயத்தின் மேல். வாலால் ஒரு தட்டு, சற்றுப் பொறுத்து இன்னொரு தட்டு. அந்தப் பத்து லிட்டருக்குள்ளா மறுபடியும் இதைக் கொண்டுபோய் விடப் போறேன்? நானா? கடைக்காரப் பொண்ணுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

பேருந்து வந்தது. ஏறவில்லை. நானும் மூச்சை மெதுவாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன் என்பது வீட்டுப் படியேறும்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 19

ஜான்போலாத் தண்ணீரைப் பக்குவப்படுத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து இன்று போனேன். என் பைகஸி: கோடு போட்ட நத்தை, ஒன்று.

"நத்தையா மாமா?" மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தான். "பரவால்ல, சுரங்கத்துல எங்க மேலாளரைவிட வேகமாத்தான் போகுது."

அத்தொட்டியில் குடியிருக்க வேண்டியவர் ஒருவழியாகக் குடியேறிவிட்டார். முகவரி மட்டும் என்னுடையது அல்ல.

மார்ச் 16

கூடத்திலிருந்து சோபாவை வெளியேற்றி, நூற்றைம்பது லிட்டர் தொட்டியை வைத்தோம். கோட்டையும் உள்ளே இருக்கிறது. இப்போது அது அளவாகத் தெரிகிறது. மீன் அதைச் சுற்றி வந்துவிட்டு, கண்ணாடியருகே என் விரலைத் தேடுகிறது. குளியலறை விடுதலை பெற்றது. என் இரத்த அழுத்தம் இறங்கியிருப்பதை நம்பாமல் மருத்துவர் கருவியை இருமுறை சோதித்துவிட்டு, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"புதுத் தொட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லாதே" என்று ஷோல்பானிடம் உறுதியாகக் கூறியிருந்தேன்.

மாலையில் அழைப்பு மணி. செயித்கலி. மேலங்கி நெஞ்சுப் பக்கம் புடைத்திருந்தது.

"அது தனியா இருக்கேன்னு மனசு கேக்கல, மாப்பிள்ளை."

கணக்கிட்டேன். நூற்றைம்பது லிட்டர்: இரண்டுக்கு இடமுண்டு, மூன்றுக்கு இல்லை. அதை அவரிடம் மிகத் தெளிவாக, இருமுறை சொன்னேன். பிறகு, குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு, அவர் பொத்தான்களை நானே அவிழ்த்தேன்.