ஒலெக்கின் கடைசிச் சுற்று

மார்ச் 7, வெள்ளி

மழை. முழங்கால் வலி. ஐசலின் இந்தியக் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன்: பொன்னாடை ஒன்று, அல்வா இரண்டு பெட்டி. மாடி வீட்டு ஒலெக்குக்கு ஞாயிறு செஸ் போட்டியில் கடைசிச் சுற்று. உக்ரைன் கிராண்ட்மாஸ்டர். அவர் ஆடி வளர்ந்த கிளப் குண்டில் போய்விட்டது. இங்கே பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு. இதில் ஜெயித்தால் தொடர்ந்து ஆடுவார். இல்லாவிட்டால் கிடங்கு வேலை. மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

புடவைக் கடைக்காரரிடம், ஒலெக் உலக சாம்பியன்கள் அத்தனை பேரையும் தோற்கடித்தவர் என்றேன். இரண்டொருவர் விட்டுப்போயிருக்கலாம். ஈரோட்டில் என் எதிரே உட்கார ஆளில்லை, அதையும் சொல்லிவைத்தேன்.

மகள் கவிதா: "முதல்ல அவர் ஜெயிக்கட்டும்ப்பா. ஏன் ஊரெல்லாம் அனௌன்ஸ் பண்றீங்க?"

அவள் அம்மா மாதிரியே பயந்த சுபாவம்.

மார்ச் 9, ஞாயிறு

ஹோட்டல் ஹால். பேசக்கூடாது. எனக்கு மூச்சு முட்டியது. பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வெகுநேரம் கழித்து ஒலெக் கை நீட்டினார், எதிராளி குலுக்கினான். ஜெயித்தவன்தானே பெருந்தன்மையாகக் கை நீட்டுவான்? வெளியே ஓடி வாட்ஸ்ஆப் குரூப்பில் 'வெற்றி' போட்டேன். எங்கள் ஊர் பிளெய்ன்ஸ்பரோவின் தமிழ்க் குடும்பங்கள் பார்க்கிங்கில் கூடிவிட்டன. ஒலெக் வந்ததும் பொன்னாடை போர்த்தினேன். கைதட்டல்.

"அங்கிள், ஐ லாஸ்ட்."

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

செஸ்ஸில் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர்தான் முதலில் கை நீட்டுவாராம். காரில் கவிதா சொன்னாள். ஈரோட்டில் நாங்கள் காயைக் கலைத்துவிடுவோம், அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

குரூப்பில் இன்னும் வாழ்த்து. நான் போட்ட 'வெற்றி'யை அழிக்கத் தெரியவில்லை; கவிதாவைக் கேட்க மனமில்லை. பக்கத்து பிளாக் சந்திரா, "உங்க ஃப்ரெண்டு என் பொண்ணுக்கு க்ளாஸ் எடுப்பாரா அங்கிள்?" ஐரோப்பா போய்விட்டார், அங்கே லீக் ஆட்டம் என்று எழுதினேன். எழுதிய பிறகு கொஞ்சம் நிம்மதி. சாம்பாரில் உப்பு அதிகம்.

மார்ச் 14, வெள்ளி

வெயில். காலை நடையில் சந்திராவும். கேட் அருகே கிடங்கு வேன். ஏறப்போனது ஒலெக், மஞ்சள் சட்டை.

"ஐரோப்பான்னீங்களே அங்கிள்?"

"நேத்து வந்துட்டாரும்மா. பெரிய கம்பெனியில மேனேஜரா கூப்பிட்டிருக்காங்க."

மேனேஜர் என்பது அவர் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார்.

"நோ மேனேஜர், அங்கிள். பாக்ஸஸ்."

சந்திரா போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அடுத்த ஞாயிறு போட்டி எங்கே என்று ஒலெக்கிடம் கேட்டேன்.

"சண்டே ஆல்ஸோ ஷிஃப்ட்" என்றார். ஏறிக்கொண்டார்.